ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது: குடல் நரம்பின் துணைச் செல்கள் பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு பாடப்புத்தகக் கேள்வி: "குடலின் நரம்பு மண்டலத்தில் துணைச் செல்கள் என்று சில இருக்கின்றனவாம், அவை இரசாயனச் சமிக்ஞைகளுக்குப் பதில் தருகின்றனவாம், எப்படி?" ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் நாலைந்து வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் மருந்தடித்த அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு பத்து நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அது நின்ற பிறகும் வயிற்றுப் பிடிப்பு போகவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கழிவறைக்கு ஓடுகிறார். ஈப்போவில் ஸ்கோப் (குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) போட்டுப் பார்த்து, "ஒன்றும் இல்லை, ஐபிஎஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐபிஎஸ் என்பது, குடலில் புண்ணோ கட்டியோ தெரியாமலே வலியும் மலப் போக்கில் மாற்றமும் தொடரும் நோய். வீட்டில் எல்லாரும் "மனசுதான் காரணம்" என்கிறார்கள். ஆக, நீங்கள் கேட்பது இது: ஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? நீங்கள் படித்த அந்தச் செல்களுக்கும் அவர் வலிக்கும் சம்பந்தம் இருக்குமா? அடித்த மருந்து காரணமாக இருக்குமா?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உடலியங்கியல் படித்து, பதினொரு வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலியின் குடலை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து இந்தச் செல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். அம்மாவுக்கு வைத்தியம் சொல்ல என்னால் முடியாது. அந்தச் செல்களைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

குடல் வெறும் தோல் பை இல்லை. உள்ளே சாப்பாடு படுகிற சளிச்சவ்வு, அதற்கு வெளியே ஒரு மெல்லிய இணைப்புப் படலம், அதற்கும் வெளியே வளையமாக ஓடும் தசை, கடைசியில் நீளவாக்கில் ஓடும் தசை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. இந்த அடுக்குகளுக்கு இடையில் இரண்டு நரம்பு வலைகள் விரிந்து கிடக்கின்றன. சளிச்சவ்வுக்குக் கீழே இருப்பதை மைஸ்னர் வலை என்றும், இரண்டு தசைகளுக்கும் நடுவே இருப்பதை அவர்பாக் வலை என்றும் சொல்வார்கள். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஜெர்மானியர்களின் பெயர்கள். மனிதக் குடலில் உள்ள நரம்பணுக்கள் பத்துக் கோடிக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு, ஐம்பது கோடி வரை சொல்பவர்களும் உண்டு. மூளையிலிருந்து வரும் நரம்பை வெட்டிவிட்டாலும் குடல் தன் பாட்டுக்குச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அந்த அளவுக்குச் சொந்தக் காலில் நிற்கிற வலை இது.

இந்த வலையில் நரம்பணுக்கள் முடிச்சு முடிச்சாகக் கூடியிருக்கும். அந்த முடிச்சுக்குள் நரம்பணுக்களைச் சுற்றி, இடுக்கில் எல்லாம் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவைதான் நீங்கள் படித்த துணைச் செல்கள். கிளையா என்பது அவற்றின் பெயர். கிரேக்க மொழியில் பசை என்று பொருள். நரம்பணுக்களை ஒட்டிவைக்கிற பசை என்று நினைத்து ருடால்ஃப் விர்ச்சோ 1850களில் மூளையில் உள்ள செல்களுக்கு வைத்த பெயர் அது. குடலில் இருப்பவற்றை ரஷ்யாவின் டோகியேல் 1899இல் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு எழுபது வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜியார்ஜியோ கபெல்லா மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இவை கை கால்களில் உள்ள நரம்புகளின் உறைச் செல்களைப் போல இல்லை, மூளையில் உள்ள கிளையாவைப் போல இருக்கின்றன என்றார். 1980இல் ஜெசனும் மிர்ஸ்கியும் மூளைக் கிளையாவுக்கே உரியது என்று கருதப்பட்ட ஒரு புரதம் இவற்றிலும் இருப்பதைக் காட்டினார்கள். மனிதனின் அவர்பாக் வலையில் ஒரு நரம்பணுவுக்கு ஆறு, ஏழு கிளையா செல்கள் இருக்கின்றன. மைஸ்னர் வலையில் அவ்வளவு இல்லை, ஒரு நரம்பணுவுக்கு ஒன்றரை என்ற அளவுதான். பசை என்ற பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பல வருடம் யாரும் இவற்றிடம் ஒன்றும் கேட்காமல் விட்டதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இவை பதில் தருவதை எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சுண்டெலியின் பெருங்குடலில் ஒரு மூன்று சென்டிமீட்டர் எடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு, நீளவாக்கில் கத்தரித்து விரித்து, அடியில் சிலிகான் ரப்பர் ஊற்றிய ஒரு சின்னத் தட்டில் பூச்சி குத்தும் மெல்லிய ஊசிகளால் சுற்றிலும் குத்தி இழுத்து நிறுத்துவோம். பிறகு நுண்ணோக்கியைப் பார்த்தபடி இடுக்கியால் சளிச்சவ்வை உரிக்க வேண்டும். அது சுலபமாக வரும். அடுத்து வளையத் தசையை நாராக நாராக உரிக்க வேண்டும். இதில்தான் வேலை இருக்கிறது. கை ஒரு மயிரிழை அழுத்தினால் தசையோடு சேர்ந்து நரம்பு வலையும் கிழிந்து வந்துவிடும். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பட்டையைச் சீவும் கத்தி பால் வரும் ஆழத்துக்குப் போகவேண்டும், மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடம் புண்ணாகிக் கரடு கட்டிவிடும், அடுத்த முறை பட்டை ஒழுங்காக வளராது. அவர் கைப்பழக்கம்தான் எனக்கு வந்தது என்று உரிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வளையத் தசை போனதும் அடியில் மீன்வலை மாதிரி வெள்ளையாக ஒரு பின்னல் தெரியும். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை அதில் ஊறவிட்டு, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிஜன் கலந்த கரைசலை மேலே ஓடவிடுவோம். மிச்சமிருக்கும் தசை சுருங்கிப் படத்தைக் கெடுக்காமல் இருக்க ஒன்றிரண்டு மருந்துகள் சேர்ப்பது வழக்கம். இங்கே ஒரு நுணுக்கம்: தசையை அடக்க, நரம்புகளின் பேச்சுப்பொருளான அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் புரதத்தை (ஏற்பியை) மூடும் ஸ்கோபலமைன் மருந்தைப் போட்டால், கிளையா செல் அசிட்டைல்கோலினுக்கு என்ன செய்கிறது என்பதை அதே சோதனையில் பார்க்க முடியாது, அதன் காதையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். ஒரு சமிக்ஞைக்குப் பதில் இல்லை என்று எழுதியிருந்தால், கரைசலில் வேறென்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சரி, இப்போது கரைசலில் கொஞ்சம் அடினோசின் ட்ரைபாஸ்பேட் சேர்க்கிறோம். செல்லுக்குள் சக்தி தரும் பொருளாகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செல்லுக்கு வெளியே வந்தால் அதுவே ஒரு செய்தி. சேர்த்த சில விநாடிகளில், அதுவரை மங்கலாகக் கிடந்த கிளையா செல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக எழும். முதலில் முடிச்சின் ஓரத்தில் ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் உள்ளது, அப்புறம் முடிச்சு முழுவதும். நரம்பணு மின்துடிப்பால் பேசுகிறது. படத்தில் அது வெட்டி வெட்டித் துடிக்கும். கிளையா செல்லால் அப்படி மின்துடிப்பு விட முடியாது. அதன் பேச்சு கால்சியம். நிதானமாக ஏறி, பத்து இருபது விநாடி நின்று, மெல்ல இறங்கும். இருட்டில் லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு போடுவது போல இருக்கும். பதினொரு வருடமும் இதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். நரம்பணு தன் செய்தியை விடும்போது, வழக்கமான இரசாயனத்தோடு கொஞ்சம் ட்ரைபாஸ்பேட்டும் வெளியே வருகிறது. கிளையா செல்லின் மேல்தோலில் ஒரு நொதி இருக்கிறது. அது ட்ரைபாஸ்பேட்டில் ஒரு பாஸ்பேட்டைக் கத்தரித்து டைபாஸ்பேட்டாக மாற்றுகிறது. (இரண்டின் சுருக்கெழுத்தையும் தமிழில் எழுதினால் 'ஏடிபி' என்று ஒன்றாகிவிடும், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.) சுண்டெலியின் கிளையாவில் முக்கியமான ஏற்பி பி2ஒய்1 என்பது, அது டைபாஸ்பேட்டைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதாவது, இந்தச் செல் தனக்கு வரும் கடிதத்தைத் தானே பிரித்து, தனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் மாற்றிப் படிக்கிறது. ஏற்பியில் செய்தி பட்டதும் செல்லுக்குள் ஒரு தூதுப்பொருள் உருவாகி, உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் திறக்கிறது. படத்தில் தெரியும் பச்சை அந்தக் கால்சியம்தான்.

கிடங்கு உள்ளேதான் இருக்கிறது என்பதை நான் ஒரு தவறால் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் கரைசல் தயாரிக்கும்போது கால்சியம் குளோரைடு சேர்க்க மறந்துவிட்டேன். நரம்பைத் தூண்டினால் பதிலே இல்லை; நரம்பணு செய்தியை வெளியே விடுவதற்கு வெளியிலிருந்து கால்சியம் வரவேண்டும். திசு செத்துவிட்டது என்று நினைத்து, தூக்கிப் போடுவதற்கு முன்னால் ட்ரைபாஸ்பேட்டை ஊற்றிப் பார்த்தேன். கிளையா செல்கள் முதல் முறை பளிச்சென்று எழுந்தன. திரும்பத் திரும்ப ஊற்றியபோது ஒவ்வொரு முறையும் மங்கிக்கொண்டே போயின, கிடங்கை நிரப்ப வெளியே கால்சியம் இல்லாததால். இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். 1990களிலேயே வளர்ப்புத் தட்டில் வைத்த செல்களில் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கண்ணால் பார்த்த அந்த நாளை நான் மறக்கவில்லை.

அந்தக் கால்சியம் ஏறியதும் என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. கிளையா செல்லின் மேல்தோலில் கனெக்சின்-43 என்ற புரதத்தால் ஆன சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கால்சியம் ஏறும்போது அவற்றின் வழியாக அந்தச் செல்லும் ட்ரைபாஸ்பேட்டை வெளியே விடுகிறது. அது பக்கத்துக் கிளையாவையும் எழுப்புகிறது, நரம்பணுவுக்கும் போகிறது. 2014இல் சுண்டெலிகளின் கிளையாவிலிருந்து மட்டும் இந்தக் கனெக்சினை நீக்கிப் பார்த்தார்கள். அலை பரவுவது குறைந்தது, பெருங்குடல் மெதுவாக நகர்ந்தது. அடுத்த வருடம் அதே குழு கிளையாவில் மட்டும் ஒரு செயற்கை ஏற்பியைப் பொருத்தி, அதை மட்டும் தூண்டும் மருந்தைக் கொடுத்தார்கள். நரம்பணுக்கள் வழியாகக் குடல் சுருங்கியது. ஆகவே சுண்டெலியில் இவை செய்தியைக் கேட்கின்றன, பதில் தருகின்றன, அந்தப் பதில் குடலின் ஓட்டத்தை மாற்றுகிறது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

கேட்கும் செய்தி ஒன்று மட்டும் இல்லை. குடல் நரம்பின் தினசரிப் பேச்சுப்பொருளான அசிட்டைல்கோலினுக்கு இவற்றில் ஏற்பி இருக்கிறது. வலி நரம்புகள் விடும் டாக்கிகைனின் என்ற குடும்பத்துப் பொருள்களுக்கு இருக்கிறது. பயம், அவசரம் வந்தால் வேலை செய்யும் சிம்பதெடிக் நரம்புகள் குடலுக்குள் வந்து கிளையாவையும் தொட்டுப் பேசுகின்றன என்று 2010இல் கினிப்பன்றியின் பெருங்குடலில் காட்டினார்கள். அழற்சி வரும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் இன்டர்லூகின் போன்ற பொருள்களையும், சில பாக்டீரியாவின் சுவரில் உள்ள பொருளையும் இவை உணர்கின்றன. சளிச்சவ்வின் அடியில் இருக்கும் கிளையாவுக்குக் குடல் பாக்டீரியா இல்லாமல் முடியாது என்று தெரிகிறது; கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளில் அந்த இடத்தில் இவை குறைந்துபோவதை 2015இல் கண்டார்கள்.

அழற்சியின் போதுதான் இவற்றின் குணம் மாறுகிறது. சாதாரண நாளில் அளவாக வரும் ட்ரைபாஸ்பேட், செல்கள் காயப்பட்டால் வெள்ளமாக வெளியே வரும். அப்போது கிளையா உருவம் மாறி, தானே அழற்சிப் பொருள்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் விட ஆரம்பிக்கிறது. சுண்டெலியின் பெருங்குடல் அழற்சியில், ட்ரைபாஸ்பேட் வெள்ளம் நரம்பணுவின் வேறோர் ஏற்பியில் பட்டு அந்த நரம்பணுவையே சாகடிப்பதை 2012இல் விளக்கினார்கள். கிளையாவின் கனெக்சின் கதவுகளுக்கு அதில் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. விலங்குகளில் அழற்சி அடங்கி, சளிச்சவ்வு பார்க்க நன்றாகிவிட்ட பிறகும், நரம்பணுக்கள் பல வாரம் சும்மா தொட்டாலே கிளர்ந்தெழும் நிலையில் இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் கதையை நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

ஆனால் இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். இந்தத் துறையில் பெரிய சண்டை ஒன்று உண்டு. 1998இல் சுண்டெலியின் குடல் கிளையாவை அழித்துப் பார்த்த ஒரு குழு, சிறுகுடல் கடுமையாக அழன்று எலிகள் செத்துப்போனதாகச் சொன்னது. அதிலிருந்து, குடல் சுவர் ஒழுகாமல் காப்பதே கிளையாதான் என்று எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் ஜூனியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். 2017இல் வேறொரு குழு வேறொரு முறையில் கிளையாவை அழித்தது. சுவர் ஒழுகவில்லை, அழற்சி வரவில்லை. பெண் எலிகளில் குடல் ஓட்டம் மட்டும் வேகமாகியது. முதல் முறையில் மற்ற செல்களும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இரண்டாம் முறையில் எஞ்சிய கிளையா போதுமானதாக இருந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். என் எண்ணம், ஓட்டத்தில் இவற்றின் பங்கு உறுதி. சுவரைக் காப்பதில் இவற்றின் பங்கு முன்பு சொன்ன அளவுக்குப் பெரிதில்லை. எனவே 'லீக்கி கட்' (ஒழுகும் குடல்) என்று யாராவது கிளையாவைக் காட்டி உங்களுக்கு விளக்கினால், அந்த விளக்கத்தின் அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் மேலே சொன்னதில் பெரும்பங்கு சுண்டெலி, கொஞ்சம் கினிப்பன்றி. இந்த இரண்டுக்குள்ளேயே ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்கும் ஏற்பி வேறுபடுகிறது. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த மனிதக் குடலிலிருந்து கிளையாவை வளர்த்துச் சோதித்திருக்கிறார்கள். அவையும் இதே வகைச் செய்திகளுக்குக் கால்சியத்தால் பதில் தருகின்றன. ஆனால் தட்டில் வளர்த்த செல், சுற்றத்தை விட்டுத் தனியாக வந்த ஆள் மாதிரி. ஊரில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அதை வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாது. உயிரோடு நடமாடும் ஒரு மனிதரின் குடலில் இந்தப் பச்சை விளக்குகளைப் பார்க்கும் வழி இன்னும் வரவில்லை.

இப்போது ஸ்கோப்புக்கு வருகிறேன். ஸ்கோப் குழாய் பார்ப்பது சளிச்சவ்வின் மேற்பரப்பை. புண், கட்டி, இரத்தக் கசிவு, வீக்கம் இவற்றைப் பிடிப்பதில் அதற்கு ஈடில்லை. அம்மாவுக்கு இவை இல்லை என்று தெரிந்தது பெரிய நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆனால் அவர்பாக் வலை இருப்பது இரண்டு தசைகளுக்கு நடுவில். ஸ்கோப்பில் கிள்ளி எடுக்கும் சதைத்துணுக்கு பெரும்பாலும் சளிச்சவ்வோடு நின்றுவிடும். அந்த வலை வரை போகாது. ஆகவே "ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை" என்ற வாக்கியத்துக்குச் சரியான பொருள், "ஸ்கோப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒன்றும் இல்லை" என்பதுதான். அந்த வலையில் கோளாறு இருக்கிறது என்பதற்கும் அது சாட்சி ஆகாது. எதுவும் சொல்லாத இடத்தில் நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்ளக் கூடாது, இரண்டு பக்கமும்.

கிருமியால் வந்த வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஐபிஎஸ் ஒட்டிக்கொள்வது நன்றாகப் பதிவான விஷயம். கனடாவில் வாக்கர்ட்டன் என்ற ஊரில் 2000இல் குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். அந்த ஊர் மக்களை எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். பலருக்கு வயிற்றுத் தொந்தரவு வருடக்கணக்கில் நீடித்தது. பலருக்குக் காலப்போக்கில் குறையவும் செய்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வயிற்றுப்போக்குக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் வருகிறது. பெண்களுக்கும், போக்கு பல நாள் நீடித்தவர்களுக்கும் அதிகம். பத்து நாள் போக்கு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மா அந்தக் கூட்டத்தில் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது விருந்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லாமல் வலியை மட்டும் சொன்னால் இது அவருக்குத் தெரிய வழியில்லை. அம்மாவின் வலியில் கிளையாவுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டா என்றால், உண்டு என்பேன். இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

"மனசுதான் காரணம்" என்பதைப் பற்றி. பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அது வெறும் பேச்சு இல்லை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பு குடல் வலையோடு பேசுகிறது, கிளையாவும் அதைக் கேட்கிறது. ஆனால் அதைச் சொல்லி அம்மாவின் வாயை அடைப்பது தவறு. கவலை வலியைக் கூட்டலாம், வலி கவலையைக் கூட்டலாம். இரண்டும் உடம்புக்குள் இரசாயனமாகவே நடக்கின்றன. அம்மா வலிக்கிறது என்றால் வலிக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மருந்தடிப்பு பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் எல்லாவற்றையும் 'மருந்து' என்றுதான் சொல்வோம். என் பெரியம்மாவும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் போனவர்தான். ஆனால் அவை ஒரே வகை இல்லை. புல்லுக்கு அடிப்பது களைக்கொல்லி. பாராகுவாட், கிளைபோசேட் போன்றவை. பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அது உடலுக்குள் போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஆனால் நான் சொன்ன நரம்புச் செய்திகளில் நேராகக் கைவைக்கும் வகை இல்லை. பூச்சிக்கு அடிப்பவற்றில் ஆர்கனோபாஸ்பேட் போன்ற வகைகள்தான் அப்படிச் செய்பவை. அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். பேச்சு நிற்காமல் ஓடும். அடித்த அன்றே வயிற்றுப் பிடிப்பு, போக்கு, எச்சில் வழிதல், வியர்வை, கண்மணி சுருங்குதல் வருவது அதனால்தான். அந்த நேரத்தில் கிளையாவும் அதே வெள்ளத்தில்தான் நிற்கும். ஆனால் வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகு வரும் ஐபிஎஸ்ஸுக்கு அதைக் காரணமாகச் சொல்ல என் கையில் ஆதாரம் இல்லை. அம்மாவிடம் உட்கார்ந்து, எந்தெந்த மருந்து, எந்த வருடம், அடித்த நாளில் மயக்கமோ வாந்தியோ வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். அது இந்த வயிற்றுக்கு உதவாவிட்டாலும் மருத்துவர் கையில் இருக்க வேண்டிய குறிப்பு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று மிக முக்கியம். அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மலம் தண்ணீராகப் போகிறது என்றால், ஸ்கோப் போட்டபோது சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தும் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒருவகைப் பெருங்குடல் அழற்சி உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அது அதிகம் வருகிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் 'ஐபிஎஸ்தானே' என்று காத்திருக்காமல் உடனே திரும்பக் காட்டுங்கள்.

கிளையாவைக் குறிவைத்து ஐபிஎஸ்ஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று எதுவும் இல்லை. 'குடல் மூளைக்கு' என்று போனில் விளம்பரம் வரும் பொடிகளில் அம்மாவின் ஓய்வுப் பணத்தைப் போடாதீர்கள்.

கடைசியில், சம்பல் பெலாச்சானை (மிளகாயும் இறால் பசையும் அரைத்த காரத் துவையலை) நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மிளகாயின் காரம், சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் ஓர் ஏற்பியில் போய் உட்காருகிறது. அந்த நரம்புகள் உடனே டாக்கிகைனின்களை விடுகின்றன. சுண்டெலியில் கிளையா அதைக் கேட்டு எழுவதை 2018இல் காட்டியிருக்கிறார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களில் சிலருக்குக் காரம் வலியைக் கூட்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் சம்பலை விட்டுப் பாருங்கள்; என்ன சாப்பிட்டார், எத்தனை முறை போனார், வலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு வாரம் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் அம்மா ஆசைப்படுகிற சம்பலை அவர் தட்டிலேயே வையுங்கள்.